இரண்டு இலக்கத் தூரத்தில் வதனி

நிமலினிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். குசினிக்குள் போய், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திவிடுவாள். அந்த நேரத்தில் ஊர்காவற்றுறை முழுவதும் திரண்டு வந்து கூப்பிட்டாலும் எழும்பமாட்டாள்.

அன்றைக்கு ஊர் முழுவதும் வரவில்லை. வதனி மட்டும்தான் வந்தாள்.

"நிமி! எடி நிமி! வெளியிலை வாவன். சாமானெல்லாம் ஏத்தியாச்சு. லொறி வெளிக்கிடப் போகுது."

நிமலினி பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வதனியின் முழுப்பெயர் பிரியவதனி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பள்ளிக்கூடத்தில் வரவு எடுக்கிற ரீச்சர் மட்டும்தான். நிமலினியும் வதனியும் ஆறாம் வகுப்பு. வகுப்பில் இருப்பது ஒரே வாங்கு, வீடு இருப்பது ஒரே ஒழுங்கை. இரண்டு பேருடைய அப்பாமாரும் ஒரே படகில் கடலுக்குப் போனவர்கள்.

ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னர் அந்த அப்பாமார் இருவரும் கடற்கரையில் நின்று சண்டை பிடித்தார்கள். "இஞ்சை மீன் குறைஞ்சு போச்சு, ரெண்டு குடும்பமும் மன்னாருக்குப் போவம்" என்றார் வதனியின் அப்பா யேசுதாசன். "இந்தக் கடலை விட்டிட்டு நான் வரமாட்டன், நீ வேணுமெண்டால் போ" என்றார் நிமலினியின் அப்பா றொபேட். வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் மற்ற வீட்டுக்காரரின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

இப்போது யேசுதாசன் உண்மையாகவே போகிறார். வதனியும் போகிறாள். சிரித்துக்கொண்டு லொறியில் ஏறப் போகிறாள். நிமலினிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வெளியே வாசற் படலையில் யாரோ எதையோ கட்டுகிற சத்தம் கேட்டது.

"நிமி, கேக்குதோ? ஒரு மிதப்பிலை எங்கட புது நம்பரை எழுதிப் படலையிலை கொழுவியிருக்கிறன். அது ஒன்பதாலை பிரியும்! இன்னொண்டாலையும் பிரியும். அது என்னெண்டு நீதான் கண்டுபிடிக்க வேணும்!"

லொறிக்காரர் ஹோனை அடித்தார்.

"போன் எடு, என்ன! மறந்திடாதை!"

லொறியின் சத்தம் ஒழுங்கையைத் தாண்டி, கோயிலடியைத் தாண்டி, பிறகு கேட்கவேயில்லை. நிமலினி எழும்பவில்லை. எழும்பி ஓடு, ஓடிப்போய்க் கையைப் பிடி என்று மனம் சொல்லியது. கோபம் விடவில்லை. கோபம் அப்படித்தான், தேவையில்லாத நேரத்தில் நல்ல பலமாக இருக்கும்.

இனி அந்த மிதப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கடலில் வலை போட்டால் அது எங்கே கிடக்கிறது என்று தெரியவேண்டும் அல்லவா? அதற்காக வலையின் இரண்டு நுனியிலும் வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்களைக் கட்டி மிதக்க விடுவார்கள். அதுதான் மிதப்பு. வலையை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டால், கண்டெடுப்பவர் தகவல் சொல்ல வசதியாக, சொந்தக்காரரின் போன் நம்பரையும் அதில் பெயின்றால் எழுதிவிடுவார்கள். தனியே அறுந்து கரையொதுங்கிய மிதப்பென்றால் போன் எடுக்கவும் தேவையில்லை. கண்டவர் அதைக் கொண்டுபோய்ச் சொந்தக்காரரின் படலையில் கொழுவிவிட்டுப் போவார். அது அந்தக் கரையின் வழக்கம்.

நிமலினிக்கும் வதனிக்கும் அந்த மிதப்புகள்தான் விளையாட்டுச் சாமான். கரையில் கிடக்கும் மிதப்பொன்றைப் பிடித்து, அதிலுள்ள நம்பர் எந்த எண்ணால் மீதியில்லாமல் பிரியும் என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர் வென்றவர். முன்னுக்கு இருக்கும் மூன்று இலக்கங்களையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் ஏழும்தான் கணக்கு.

நிமலினியின் எண் ஒன்பது. எல்லா இலக்கத்தையும் கூட்டு. கூட்டினால் ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு என்று ஒன்பதின் வாய்ப்பாட்டில் வருகிறதா? அப்படியென்றால் முழு எண்ணும் ஒன்பதால் பிரியும். இலக்கங்களை எப்படிக் குழப்பிப் போட்டாலும் பிரியும். அது நிமலினிக்குப் பிடித்துக்கொண்டது.

வதனியின் எண் பதினொன்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இக்கரை அக்கரை. முதல் இலக்கம் இக்கரைக்கு, இரண்டாவது அக்கரைக்கு, மூன்றாவது இக்கரைக்கு என்று மாறி மாறிப் பிரித்துக்கொண்டு போ. பிறகு இரண்டு கரையையும் தனித்தனியே கூட்டு. இரண்டும் சமமாக வந்தால் பதினொன்றால் பிரியும். சமமாக வராமல் வித்தியாசம் பதினொன்று, இருபத்திரண்டு என்று வந்தாலும் பிரியும்.

ஒருநாள் ஒரு மிதப்பில் 4730253 என்று இருந்தது. நிமலினி எல்லாவற்றையும் கூட்டி இருபத்துநாலு என்று உதட்டைப் பிதுக்கினாள். வதனி துள்ளிக் குதித்தாள்.

"இக்கரையிலை நாலு, மூண்டு, ரெண்டு, மூண்டு. பன்னிரண்டு! அக்கரையிலை ஏழு, சைபர், அஞ்சு. அதுவும் பன்னிரண்டு! பதினொண்டாலை பிரியும்!"

"உன்ரை பதினொண்டிலை ஒரு இலக்கம் இடம் மாறினால் எல்லாம் பிழைச்சுப் போகும். என்ரை ஒன்பது அப்பிடியில்லை" என்றாள் நிமலினி.

"அதுதானே வடிவு. அவரவர் அவரவரின்ரை இடத்திலை நிக்க வேணும்" என்றாள் வதனி.

அப்படிச் சொன்னவள் இப்போது தன் இடத்தை விட்டுவிட்டு மன்னாருக்குப் போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரம் நிமலினியின் கோபம் மெல்ல இறங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு படலைக்குப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதிலை இருந்த மிதப்பு எங்கை?"

"எந்த மிதப்பு? நான் காணேல்லையே" என்றார் அம்மா ஜெயந்தா.

அடுத்த நாள் காலையில் அப்பா கடலிலிருந்து வெறுங்கையோடு வந்தார். சாரத்தை உதறிவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"வலையைக் காணேல்லை ஜெயந்தா. நீரோட்டம் கொண்டு போட்டுது. ஒரு நுனி மிதப்பு மட்டும் அறுந்து மிதந்துது. மற்ற நுனிக்கு, நேற்றுப் படலையிலை ஆரோ ஒரு மிதப்புக் கொழுவியிருந்தினம். எங்கட பழசொண்டு ஒதுங்கி வந்திட்டுதாக்கும் எண்டு அவசரத்திலை அதைத்தான் கட்டினனான். இப்ப அதுகும் போச்சு."

நிமலினியின் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பை சரிந்தது.

"அப்பா! அது வதனியின்ரை மிதப்பு! அதிலை அவையின்ரை நம்பர் இருந்தது!"

அந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டு நெடுநாள்.

"உங்களுக்கு ஒரு மிதப்பைக் கண்டால் போதும். எழுத்தும் தெரியாது, ஒண்டும் தெரியாது" என்றார் அம்மா.

"கடலிலை கட்டேக்கை இருட்டு. நான் எங்கை நம்பரைப் பாக்க?" என்றார் அப்பா, குற்றவாளியின் குரலில்.

யேசுதாசனின் பழைய போன் கடலுக்குள் விழுந்து, அவருடைய நம்பரும் அதிலிருந்த மற்ற ஆட்களின் நம்பர்களும் அதோடு போய்விட்டன. நிமலினி மாதா கோயில் சிஸ்ரரிடம் புது நம்பரைக் கேட்டாள். சிஸ்ரரிடமும் அந்தப் பழைய நம்பர்தான் இருந்தது. வதனி வீட்டு யன்னல்கள் பூட்டியிருந்தன. அவர்களின் கோழி ஒன்று மட்டும் யாருடனும் போகாமல் ஒழுங்கையில் திரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நீளமானவை. வாங்கில் நிமலினிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பிறகு ரீச்சர் அங்கே கம்சிகாவை இருத்தினார். கம்சிகா நல்ல பிள்ளைதான், அழிறப்பரைக் கேட்காமலே தருவாள். ஆனால் ஒருநாள் பாதையில் போன லொறியின் நம்பரைக் காட்டி, "பார், இது ஒன்பதாலை பிரியும்" என்று நிமலினி சொன்னபோது, "அதுக்கென்ன?" என்று கேட்டாள். அதுக்கென்ன என்று கேட்காத ஒரே ஆள் மன்னாரில் இருந்தாள்.

பின்னேரங்களில் இறங்குதுறைக்குப் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அனலைதீவுதான் தெரியும், மன்னார் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தண்ணீர்தானே அங்கேயும் போகிறது என்று நினைத்துக்கொள்வாள். யாராவது அந்த வலையைக் கண்டெடுத்து, மிதப்பிலுள்ள நம்பருக்குப் போன் எடுத்து, வதனியின் வீட்டில் மணி அடிக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டாள். நான் அன்றைக்கு ஏன் வெளியே வரவில்லை என்று தன்னிடமே கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை அனலைதீவிலிருந்து வந்த படகொன்றில் சுருட்டிக் கட்டிய வலை ஒன்று வந்தது. கடலடிக் கற்பாருக்குள் சிக்கிக் கிடந்ததாம். நம்பர் அழிந்து போனதால் யாருடையது என்று தெரியவில்லை, இறங்குதுறையில் போட்டால் சொந்தக்காரன் வருவான் என்று கொண்டுவந்தார்களாம். அப்பா கண்டவுடனே தன்னுடையதென்று சொல்லிவிட்டார். கிழிசலைத் தானே பொத்தித் தைத்த வலையைத் தெரியாதவன் மீனவனா?

அப்பா வலையைத் தோளில் சுமந்துகொண்டு முற்றத்தில் போட்டார். நிமலினி ஓடிவந்து வலையை வாரி வாரித் தேடினாள். இருந்தது! நுனியில் அந்த வெள்ளைக் கான் இருந்தது. வதனியின் கோணல் எழுத்து நீலப் பெயின்றில் இருந்தது.

முன்னாலிருந்த மூன்று இலக்கங்களும் நன்றாகத் தெரிந்தன. அவற்றை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கே வதனிக்குப் போன் எடுத்துவிடுவீர்கள். பிறகு ஐந்து, இரண்டு. அடுத்த இலக்கத்தின் மேல் ஒரு சிப்பி ஒட்டியிருந்தது. அப்பா கத்தியால் மெல்லச் சுரண்ட, எட்டு வெளியே வந்தது. அதற்கடுத்த இடத்தில் கயிறு உராய்ந்து உராய்ந்து கான் வழுவழு என்று வெள்ளையாகிவிட்டது. இரண்டு இலக்கம் போன இடம் தெரியவில்லை. கடைசியில் மூன்று, ஆறு.

"ரெண்டு இலக்கம் தானே. அண்ணளவாப் போட்டுப் பாக்கலாம்" என்றார் அப்பா.

"போன் நம்பரிலை அண்ணளவு ஏலாது அப்பா" என்றாள் நிமலினி. அழிந்த இடத்தை விரலால் தடவினாள். வதனி அந்த இரண்டு இலக்கத்துக்கு அங்கால் நின்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. அது ஒன்பதாலை பிரியும்!

ஈர்க்கொன்றை எடுத்து முற்றத்து மணலில் எழுதினாள். ஐந்தும் இரண்டும் எட்டும் மூன்றும் ஆறும் சேர்ந்தால் இருபத்துநாலு. ஒன்பதின் வாய்ப்பாட்டில் அடுத்தது இருபத்தேழு. அப்படியென்றால் தொலைந்த இரண்டும் சேர்ந்து மூன்று. இல்லையென்றால் முப்பத்தாறு. அப்படியென்றால் சேர்ந்து பன்னிரண்டு. அதற்கு மேலே போகாது, இரண்டு ஒன்பதைக் கூட்டினாலும் பதினெட்டுத்தானே.

மூன்று வருவதற்கு நாலு சோடி: 03, 12, 21, 30. பன்னிரண்டு வருவதற்கு ஏழு சோடி: 39, 48, 57, 66, 75, 84, 93. எல்லாமாகப் பதினொரு சோடி.

"பதினொண்டுக்கும் எடுத்துப் பார் பிள்ளை" என்று அப்பா தன் போனை நீட்டினார். யாருடைய வீட்டுக்கு எடுக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன?

நிமலினி 66 இல் தொடங்கினாள். மணி அடித்த மறுகணமே ஒரு வயதான குரல் பாய்ந்து வந்தது.

"சுலோ! சுலோஜனாவோ? எப்பிடியம்மா இருக்கிறாய்? அங்கை குளிரோ? எத்தினை நாளா உன்ரை போனைப் பாத்துக்கொண்டிருக்கிறன் தெரியுமோ?"

நிமலினி போனின் திரையை ஒருமுறை பார்த்தாள்.

"ஹலோ? சுலோ?"

"ஐயா... நான் சுலோ இல்லை. நம்பர் பிழைச்சுப் போச்சு."

அந்தக் குரல் தாழ்ந்தது.

"அப்பிடியோ. பரவாயில்லைப் பிள்ளை. நீர் எந்த ஊர்?"

"ஊர்காவற்றுறை, ஐயா."

"அங்கை மழையோ?"

"இல்லை ஐயா, நல்ல வெய்யில்."

"சரி பிள்ளை, வையும். சில நேரம் அவள் இப்ப எடுக்கக்கூடும்."

நிமலினி போனை வைத்தாள். அடுத்த சோடிக்கு எடுக்க அவளால் முடியவில்லை. போன் அடிக்கும்போது ஓடிவருகிற ஆளைப் பற்றி அவள் அதுவரை யோசிக்கவேயில்லை. ஓடிவந்து எடுத்தால், எதிர்பார்த்த குரல் இல்லை. அது எப்படி இருக்கும்? வதனியும் மன்னாரில் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஓடிவருகிறாளா? ஓடிவந்து, நிமி இல்லை என்று போனை வைக்கிறாளா?

"ஏன் நிப்பாட்டினனீ?" என்று கேட்டார் அப்பா.

"சும்மா ஆக்களை ஓட வைக்கக்கூடாது அப்பா. எனக்கு எடுக்கிறதெண்டால் வதனிக்கு மட்டும்தான் எடுக்க வேணும்."

அப்பா வலையைப் பொத்தத் தொடங்கினார். நிமலினி மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இன்னொண்டாலையும் பிரியும், அது என்னெண்டு நீதான் கண்டுபிடிக்க வேணும். எதுவாக இருக்கும்? இரண்டா? கடைசி இலக்கம் ஆறு. நடுவில் எது வந்தாலும் இரண்டால் பிரியும், அதில் என்ன புதினம்? மூன்றா? ஒன்பதால் பிரிகிற எண் மூன்றாலும் பிரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக வதனி படலையில் நின்று கத்தமாட்டாள்.

வதனி ஏன் முதலில் ஒன்பதைச் சொன்னாள்? ஒன்பது நிமியின் எண்.

நிமலினி நிமிர்ந்தாள். போன் கடையில் புது நம்பர் வாங்கும்போது நாலைந்து நம்பர்களைக் காட்டி, பிடித்ததை எடுக்கச் சொல்வார்கள். வதனியும் அப்பாவோடு கடைக்குப் போயிருப்பாள். நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருப்பாள். கடைக்காரர் கெதியாகச் சொல்லும் பிள்ளை என்று ஏசியும் இருப்பார். நிமியின் ஒன்பதாலும் பிரியவேண்டும், தன்னுடைய எண்ணாலும் பிரியவேண்டும் என்று தேடி எடுத்திருக்கிறாள். இரண்டு பேருக்குமான ஒரு நம்பர். அதை அவள் சொல்ல வந்தபோது நிமி பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"இக்கரை அக்கரை!" என்று நிமலினி கத்தினாள்.

"என்ன கரை?" அப்பா வலை ஊசியோடு எழும்பிவிட்டார்.

"அப்பா, வலையைக் கொஞ்சம் அங்காலை இழுங்கோ. மணல் வேணும்."

அப்பா வலையை இழுத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

இக்கரைக்கு ஐந்து, எட்டு, ஆறு. கூட்டினால் பத்தொன்பது. தொலைந்ததில் இரண்டாவது இலக்கமும் இந்தக் கரைக்குத்தான். அக்கரைக்கு இரண்டு, மூன்று. கூட்டினால் ஐந்து. தொலைந்ததில் முதலாவது அந்தக் கரைக்கு.

"இப்ப ஒவ்வொரு சோடியாப் போட்டுப் பாப்பம். சைபர் மூண்டு எண்டால், இக்கரை இருபத்திரண்டு, அக்கரை அஞ்சு. வித்தியாசம் பதினேழு. இல்லை."

"இல்லை" என்றார் அப்பாவும், எல்லாம் விளங்கியவர் போல.

"ஒண்டு ரெண்டு. இருபத்தொண்டும் ஆறும். பதினைஞ்சு. இல்லை. ரெண்டு ஒண்டு. இருபதும் ஏழும். பதின்மூண்டு. இல்லை."

"கிட்ட வருது" என்றார் அப்பா.

"மூண்டு சைபர். இக்கரை பத்தொன்பது. அக்கரை எட்டு. வித்தியாசம்..."

அப்பாதான் விரல் விட்டு எண்ணினார்.

"பதினொண்டு பிள்ளை! பதினொண்டு!"

மிச்சம் ஏழு சோடியையும் நிமலினி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றிலும் பதினொன்று வரவில்லை. நம்பாவிட்டால் நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரேயொரு நம்பர்தான் நின்றது: 5283036.

நிமலினி போனைக் கையில் எடுத்தாள், ஆனால் இலக்கங்களை அமத்தவில்லை. வதனி கோபத்தில் இருந்தால்? தன்னைப் போலவே ஒரு குசினிக்குள் போய்க் குந்தியிருந்து வரமாட்டேன் என்றால்?

"எடன்" என்றார் அப்பா. "ஆனால் நான் கதைக்கேல்லை. சொல்லிப்போட்டன்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, ஆர்?" யேசுதாசனின் கரகரத்த குரல்.

"மாமா, நான் நிமலினி."

"வதனி! எடி வதனி! ஓடி வா! நிமி!" என்று அவர் கத்திய சத்தத்தில் நிமலினி போனைக் காதிலிருந்து விலக்கினாள். ஓடிவருகிற கால்களின் சத்தம் கேட்டது.

"வதனி?"

ஒரு விசும்பல். "ஏன் இவ்வளவு நாளா எடுக்கேல்லை? நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான். இன்னும் என்னோடை கோவமெண்டு நினைச்சன்."

நிமலினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அப்பா மிதப்பைக் கட்டியது, நீரோட்டம், அனலைதீவு, சிப்பி, மணல் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. கடைசியில், "நான் அண்டைக்கு வெளியிலை வந்திருக்க வேணும் வதனி. வராமல் விட்டிட்டன். அதுதான் பெரிய பிழை" என்றாள்.

வதனி மூக்கை உறிஞ்சினாள். "மற்றது என்னெண்டு கண்டுபிடிச்சனீயோ?"

"பதினொண்டு."

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அழுகையோடு கலந்த சிரிப்பு. நிமலினிக்கும் கண் நிறைந்தது.

அப்பா வலையைப் பொத்துகிற சாட்டில் கிட்டக் கிட்ட வந்திருந்தார்.

"அங்கை நண்டு படுகுதோ எண்டு கேள்" என்றார், வலையைப் பார்த்துக்கொண்டு.

நிமலினி வதனியிடம் கேட்டாள். வதனி தன் அப்பாவிடம் கேட்டாள். பதில் திரும்பி வந்தது.

"பரவாயில்லையாம் அப்பா. நீங்கள் இப்ப ஆரோடை கடலுக்குப் போறியள் எண்டு மாமா கேக்கிறார்."

"தனியத்தான் எண்டு சொல்லு."

அது போனது. கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது.

"தனியப் போகவேண்டாமாம். மாமாவும் அங்கை தனியத்தானாம்."

அப்பாவின் வலை ஊசி நின்றது.

"அவனுக்குச் சொல்லு... சொல்லு..."

நிமலினி எழும்பிப் போனை அப்பாவின் காதோடு வைத்தாள். "நீங்களே சொல்லுங்கோ."

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யேசு" என்றார். பிறகு, "ஓம்" என்றார். பிறகு, "அண்டைக்கு நானும் கனக்கக் கதைச்சுப் போட்டன் என்ன..." என்று சொல்லிக்கொண்டே ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் மெல்லக் குலுங்கியது. பிறகு திடீரென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நிமலினி தன் முறைக்காகக் காத்து நின்றாள். அப்பா தருகிற மாதிரி இல்லை. போனுக்குள்ளிருந்து, "அப்பா, எனக்குத் தாங்கோ! நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை!" என்று வதனியின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது.

அப்போது போன் ஒருமுறை கீச்சிட்டுவிட்டு அணைந்துபோனது. சார்ஜ் முடிந்துவிட்டது.

"ஐயையோ!" அப்பா போனைத் தட்டினார், உதறினார். "இப்பத்தான் அவன் ஏதோ சொல்ல வந்தவன். ஜெயந்தா! உம்மடை போனைத் தாரும், கெதியா!"

அம்மா ஓடிவந்து கொடுத்தார்.

"நம்பர் பிள்ளை, நம்பர்! சொல்லு!"

மணலில் எழுதியதை வலை இழுபட்டு அழித்துவிட்டிருந்தது. நிமலினி மணலைப் பார்க்கவுமில்லை. அது இனி அவளுக்குப் பாடம். முன்னால் வரும் மூன்றையும் சொல்லிவிட்டு மூச்சு எடுத்தாள்.

"அஞ்சு" என்றாள் ஆறுதலாக. அந்த நம்பரை அவசரமாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ரெண்டு. எட்டு. மூண்டு. சைபர்."

மிச்சம் இரண்டையும் அவள் சொல்வதற்கு முன்னரே அப்பாவின் விரல் அமத்திவிட்டது.